கார்போக அரிசி தடவி வெயிலில் நின்ற அத்தை! வெளிச்சம் எப்போது மருந்தாகும்?

(திரையில்: நெல் காயும் களம், உச்சி வெயில்)

வணக்கம் மக்களே. இந்தக் களத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாத மதியம், என் அத்தை இதே இடத்தில் கையை நீட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். முன்கையிலும் விரல் நுனியிலும் வெண்புள்ளி. கார்போக அரிசியை இடித்து எண்ணெயில் ஊறப்போட்டுத் தடவி, வெயில் காட்டினால் நிறம் திரும்பும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் கை முழுக்கக் கொப்புளம். "வெந்நீரை ஊத்தின மாதிரி எரியுதுடா தம்பி" என்று அழுதார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த யோசனை சொன்னவர் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னார். மீதிப் பாதிதான் இந்த வீடியோ.

(திரையில்: நாட்டு மருந்துக் கடை, கார்போக அரிசி)

கார்போக அரிசி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நலங்கு மாவில் சேர்ப்பார்களே, அதேதான். அந்தச் செடியின் பழைய தாவரவியல் பெயர் சோராலியா. அதிலிருந்து பெயர் பெற்ற பொருள் சோராலென். சும்மா தோலில் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கும். புற ஊதா கதிர் பட்டதும் விழித்துக்கொண்டு, தோல் செல்லின் டிஎன்ஏவைப் போய்க் கவ்விக்கொள்ளும். அளவாகக் கவ்வினால் மருந்து. அளவு மீறினால் அத்தையின் கை.

எகிப்தில் நைல் டெல்டாவிலும் இதே கதைதான். அங்கே வயலோரக் களையாக வளரும் இன்னொரு செடியின் விதையைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் உட்காருவார்கள். 1940களில் கெய்ரோவில் எல் மோஃப்டி என்ற மருத்துவர் அதிலிருந்து பிரித்தெடுத்த சோராலெனை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974இல் அமெரிக்காவில் சோராலெனோடு புற ஊதா விளக்கைச் சேர்த்து, தோல் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸுக்குப் பயன்படுத்தினார்கள். அதுதான் பூவா (PUVA) சிகிச்சை. காவிரி டெல்டாவுக்கு ஒரு விதை, நைல் டெல்டாவுக்கு ஒரு விதை. எனக்கு இதில் ஏனோ ஒரு சின்ன கர்வம்!

இடையில் ஒரு எச்சரிக்கை. எலுமிச்சையிலும் இந்தக் குடும்பத்துப் பொருள் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகும் தங்கைகளே, தயவு செய்து வேண்டாம்.

(திரையில்: தரங்கம்பாடி, டேனிஷ் கோட்டை)

இப்போது தரங்கம்பாடிக்கு வந்திருக்கிறோம். 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். தோல் நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் வெளிச்சத்தை மருந்தாக்கி நோபல் பரிசு வாங்கியவர் ஒரு டென்மார்க்காரர். இத்தனை அருகில் டேனிஷ் கோட்டை இருக்கும்போது வீட்டுக்குள் உட்கார்ந்தா இந்தக் கதையைச் சொல்வது?

அவர் பெயர் நீல்ஸ் ஃபின்சன். பிறந்தது வட அட்லாண்டிக் கடலில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஃபாரோ தீவுகளில். குளிர்காலத்தில் அங்கே சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். இவரோ தீராத நோயாளி. கூரையில் படுத்திருந்த ஒரு பூனை, நிழல் நெருங்க நெருங்க நகர்ந்து வெயிலுக்கே போனதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது என்பார்கள். 1895இல் முகத்துத் தோலில் காசநோய் வந்த ஒருவருக்கு மின்வில் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். செவிலியர்கள் ஒரு லென்ஸைத் தோலில் வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். ஏன் அழுத்த வேண்டும்? தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் ஒளியை மறைத்துவிடும். அழுத்தினால் ரத்தம் விலகும். என்ன மூளை பாருங்கள்! 1903இல் நோபல். அடுத்த வருடமே 43 வயதில் இறந்துவிட்டார்.

பிற்காலத்தில் அவருடைய கருவிகளைச் சோதித்தவர்கள் இன்னொன்று கண்டார்கள். அந்த லென்ஸ் கண்ணாடி வழியாக, கிருமியைக் கொல்லும் குறுகிய புற ஊதா கதிர் போகவே போகாது. அப்படியானால் கிருமியைக் கொன்றது எது? கிருமியிலேயே இருக்கும் போர்ஃபைரின் என்ற பொருள் ஒளியை வாங்கி, ஆக்சிஜனுக்கு வெறியேற்றி, அந்த ஆக்சிஜன் கிருமியைத் தாக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். தன் வீட்டுத் திரியில் தானே பற்றிக்கொண்ட மாதிரி.

முகப்பருவுக்கு 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி கொடுப்பதும் இதே கணக்குதான். பருக்கிருமியும் போர்ஃபைரின் தயாரிக்கும். கூடுதல் வேகம் வேண்டுமென்றால் அமினோலெவுலினிக் அமிலத்தைப் பூசிச் சில மணி நேரம் விடுவார்கள். தோல் செல்களே அதைப் போர்ஃபைரினாக மாற்றிக்கொள்ளும். பிறகு சிவப்பு ஒளி, சுமார் 630 நானோமீட்டர். வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வரும், புற்றாக மாறக்கூடிய செதில்களுக்குத்தான் இது பெரிதும் உதவுகிறது. நம் தோலில் அந்தச் செதில் அபூர்வம். ஆனால் பரு போன இடத்தில் கறுப்புத் தழும்பு விழுவது நமக்குச் சகஜம், இந்தச் சிகிச்சைக்குப் பிறகும் விழலாம். அதனால் பருவுக்கு இதை முதல் வேலையாகச் செய்துகொள்ளாதீர்கள் என்பது என் கருத்து. செய்துகொண்டால் இரண்டு நாள் வெயில் படக்கூடாது. கும்பகோணத்தில் இரண்டு நாள் வெயில் படாமல் இருப்பதா? கேட்கவே சிரிப்பு வருகிறது.

இன்னொன்று: படர்தாமரைக்கு இந்த விளக்கு வேலைக்கு ஆகாது. அது பூஞ்சை, அதற்கு மருந்து வேறு.

(திரையில்: அத்தையின் கை)

சரி, அத்தையிடம் திரும்புவோம். புண் ஆறியதும் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். "இது தொழுநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது" என்று அவர் முதலில் சொன்னார். அத்தைக்கு அதுவே பாதி மருந்து. ஊரில் இன்னும் அதை வெண்குஷ்டம் என்கிறார்கள். அந்தச் சொல்லை நிறுத்துங்கள் மக்களே.

அத்தைக்குக் கொடுத்தது 311 நானோமீட்டர் புற ஊதா பி ஒளி. சோராலென் கிடையாது, எண்ணெய் கிடையாது. வெயிலில் எல்லாக் கதிரும் கலந்து வரும். விளக்கு, வேண்டிய அலைநீளத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, வாரம் இரண்டு முறை. முதல் நாள் ஒரு நிமிடம் கூட இல்லை. "இதுக்கா பஸ் ஏறி வந்தேன்?" என்று கோபம் வேறு. தோல் சிவக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டினார்கள். நமக்குத் தெரியாத விஷயமா? மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தானே விடுகிறார்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் பயிர் மூழ்கும்.

மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் அத்தை கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளைத் திட்டுக்குள் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு மயிர்.

எனக்கு இந்த முழு விஷயத்திலும் பிடித்த இடம் இதுதான். வெண்புள்ளியில் மேல்தோலின் நிறச்செல்கள் அழிந்துபோகும். ஆனால் மயிர்க்காலின் அடியில் கொஞ்சம் விதைச்செல்கள் ஒளிந்துகொண்டு பிழைத்திருக்கும். ஒளி அவற்றைத்தான் எழுப்புகிறது. அவை பெருகி, மயிர்க்கால் வழியே மேலே ஏறி, சுற்றிலும் பரவும். நாற்றங்காலில் இருந்து பறித்து நட்ட வயலை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் குத்துக் குத்தாக நிற்கும், நடுவெல்லாம் தண்ணீர் தெரியும். தூர் கட்டத் தூர் கட்ட இடைவெளி மூடி, ஒரு நாள் பார்த்தால் முழுப் பச்சை. அத்தையின் முன்கையும் அப்படித்தான் மூடியது. ஒரு வருடம் ஆனது.

விரல் நுனி மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அங்கே மயிர்க்கால் கிடையாது. டாக்டர் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். அத்தையிடம் கேட்டால், "அங்க நாத்தங்கால் இல்லடா, எங்கேர்ந்து நடுறது?" என்று விரலை ஆட்டிக் காட்டிவிட்டு நெல் தூற்றப் போய்விடுகிறார்.