ஓடும் வழியைத் தேர்வது எப்படி: நிழல், தண்ணீர், வெளிவழி

(சமூக மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஓடத் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடலாம்?" என்பதுதான். தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணியை முடித்த தம்பிகளுக்கு, உடற்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் என்ற கணக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருக்கும்; விளையாட்டரங்கத் தடத்தில் ஆறு சுற்று. பூங்காவுக்கோ கடற்கரைக்கோ குன்றுக்கோ போகும்போது அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் நேரத்தில் நிழல் எங்கே இருக்கும், தண்ணீர் எங்கே கிடைக்கும், முடியாமல் போனால் எந்த இடத்தில் வெளியேறிப் பேருந்தோ ரயிலோ பிடிக்கலாம் என்பதை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் ஓட்டம் பாழாவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றால்தான்.

நம் ஊரில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரிவரைதான் ஏறும். தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆபத்து ஈரப்பதத்தில் இருக்கிறது. வியர்வை தோலிலிருந்து ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். வழிந்து தரையில் சொட்டுகிற வியர்வையால் ஒரு பயனும் இல்லை. மழைநாளில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே கழியில் போட்ட துணி மாலைவரை சொதசொதவென்று கிடக்குமே, நம் தோலும் அப்படித்தான். விடியலில் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதனால்தான் வெயிலே இல்லாத காலை ஆறு மணிக்கும் சட்டையைப் பிழியலாம் போல இருக்கிறது. இருந்தும் காலையே நல்லது என்பேன். மாலை ஆறு மணிக்குத் தாரும் சிமெண்டும் பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

வேகத்தைக் கடிகாரம் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அந்த வேகம் போதும். வெப்பத்தில் ஒரே வேகத்தில் ஓடினாலும் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் வேண்டும், கால் தசைக்கும் ரத்தம் வேண்டும். இரண்டையும் சமாளிக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது. குளிர்நாட்டில் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை பாதித் தூரம் போதும்.

2023 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலை வருகிறது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துப் பார்க்கிற எண் அது. 31க்குக் கீழே இருந்தால் குறைவு. 31 முதல் 33க்குள் மிதம்: தூரத்தைக் குறையுங்கள், நிழல் வழிக்கு மாறுங்கள். 33 ஆகிவிட்டால் அன்றைக்கு ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

இனி வழிகள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை சுமார் 15 கிலோமீட்டர் நீளும். மேடு பள்ளம் இல்லை. கழிப்பறையும் குடிநீரும் அடிக்கடி வரும். 2024 ஜூனில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் தஞ்சோங் ரூ முதல் பேஷோர் வரை ரயில் நிலையங்கள் திறந்த பிறகு, ஒரு நிலையத்தில் இறங்கி ஓடி இன்னொரு நிலையத்தில் ரயிலேறி வீடு திரும்பலாம். இங்கே கவனிக்க வேண்டியது காற்றின் திசை. முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்று நம் வேகத்திலேயே வந்தால், உடம்பின் மேல் காற்றே படாது, வெந்துபோவோம். களைத்த பாதியில்தான் காற்று முகத்தில் படவேண்டும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று, கிழக்கு முனையான சாங்கி பக்கமிருந்து வீசும். அப்போது முதலில் மேற்கே மரினா திசையில் ஓடுங்கள், திரும்பும்போது காற்றை எதிர்கொண்டு வாருங்கள். சைக்கிள் பாதையும் நடைபாதையும் பல இடங்களில் தனித்தனி. இரண்டும் ஒன்றாகிற இடத்தில் இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஒரு காதையாவது காதொலிப்பான் இல்லாமல் விடுங்கள், பின்னால் மணியடிப்பது கேட்கட்டும்.

மழை பிடித்துக்கொண்டால் காலாங் தேசிய விளையாட்டரங்கைச் சுற்றிக் கூரையுள்ள நடைவழி இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 900 மீட்டர். சிராங்கூன் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது எட்டும் தூரம். முதல் ஐந்து கிலோமீட்டர் ஓடப் பழகுகிறவர்களுக்குப் பிடோக் நீர்த்தேக்கத்தின் 4.3 கிலோமீட்டர் சுற்றைச் சொல்வேன். வழி தவறவே முடியாது.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள வனப்பாதையைப் பற்றி நின்று பேச வேண்டும். இந்த ஊர் ஓட்டக்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சுற்று சுமார் 11 கிலோமீட்டர், பெரும்பகுதி மரநிழல். ஆனால் பூங்காவில் 11 ஓடுகிற நேரத்தில் இங்கே முடிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கால்பங்கு நேரம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில் குறுக்கே ஓடும் மரவேர்கள்தான் அதற்குக் காரணம். மழை பெய்து மண் கரைந்த இடங்களில் வேர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பட்டை உரிந்த வேர் நனைந்தால் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். வேரின் மேல் கால் வைக்காதீர்கள், தாண்டி வையுங்கள். பார்வை கால் விரலில் இருந்தால் பிந்திப்போகும்; நான்கைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். நீரோரப் பலகைப் பாதை ஈரமாக இருந்தால் நடந்துவிடுங்கள். எட்டி அடி வைக்கிறவர்களுக்குக் குதிகால்தான் முதலில் படும். அங்கேதான் அடி சறுக்கும். 250 மீட்டர் தொங்குபாலம் ஒருவழி, திங்கட்கிழமை மூடியிருக்கும். அது குறுகலானது, நடப்பதற்கு உரியது. ஓட்ட வழியில் அதைச் சேர்க்காதீர்கள். வனத்துக்குள் நேரம் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. பாதிச் சுற்றில் கால் பிசகினால் சாலைக்கு வர வெகுநேரம் ஆகும். அரை லிட்டர் தண்ணீராவது கையோடு இருக்க வேண்டும், தனியாகப் போனால் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம். வாழைப்பழமோ பிஸ்கட்டோ கையில் தெரியக்கூடாது; இடுப்புப் பைக்குள் போட்டு மூடுங்கள். எதிரே வந்து நின்றால் கண்ணைப் பார்த்து முறைக்காமல் ஓட்டத்தை நிறுத்தி, நடந்தே அதைக் கடந்து போங்கள். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம்.

குன்றுகளுக்கு வருவோம். புக்கிட் தீமா நம் நாட்டின் மிக உயர்ந்த இயற்கைக் குன்று, 163 மீட்டர்தான். ஆனால் உச்சிக்குப் போகும் தார்ச்சாலை செங்குத்தாக இழுக்கும். ஹார்பர்ஃபிரண்ட் பக்கமிருந்து ஃபேபர் மலைக்கு ஏறும் மாராங் பாதை 800 மீட்டரில் ஏறத்தாழ 70 மீட்டர் உயரும், படிகள் மிகுதி. ஏறும்போது அடியைச் சிறிதாக்கி, இடுப்பிலிருந்து மடங்காமல் உடம்பு முழுவதையும் லேசாக முன்னே சாயுங்கள். மூச்சு வாங்கினால் தாராளமாக நடக்கலாம். அடுத்த நாள் தொடை வலிப்பது ஏறியதால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இறங்கியதால் வருவது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. புதியவர்கள் ஏற்றத்தில் ஓடி, இறக்கத்தில் நடக்கலாம். தெற்கு மலைத்தொடரில் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தின் மரத்தளம் மழைக்குப் பிறகு வழுக்கும், அதையும் மனத்தில் வையுங்கள்.

2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றுபோன பழைய மலாயா ரயில் பாதை இன்று 24 கிலோமீட்டர் பசுமை வழி. ரயிலுக்காகப் போட்டதால் ஏற்றம் மிக மெல்லியது. நீண்ட ஓட்டப் பயிற்சிக்கு அருமையான இடம். குறை என்னவென்றால், திறந்த வெளியாகப் பல பகுதிகள் உண்டு, தண்ணீர் கிடைக்கும் இடங்கள் குறைவு. ஒன்பது மணிக்குமேல் அங்கே தொடங்காதீர்கள். நுழைவாயில்களை வரைபடத்தில் முன்னரே குறித்துக்கொள்ளுங்கள்.

இடி கேட்டால் ஓட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலில் திடீரென்று அடிக்கும் சுமத்ரா புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். அது அடித்த காலையில் கிளைகள் முறிந்து தொங்கும். வனப்பாதையை அன்றைக்குத் தவிருங்கள்.

உங்களோடு ஓடுகிறவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று அவரே சொல்வார், கேட்காதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள். அருகிலுள்ள கார் நிறுத்துமிட எண்ணையோ வழிப்பலகையில் உள்ள பெயரையோ சொன்னால் அவசர மருத்துவ வாகனம் விரைந்து வந்து சேரும். அது வரும்வரை நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டியோ குளிர்ந்த தண்ணீரோ வைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே தண்ணீர் கொடுக்கக் கூடாது.