சாலையோரம் நிற்கும் ஆம்புலன்ஸ்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓர் எம்.ஏ., அதாவது மருத்துவ உதவியாளர். பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை. ஆம்புலன்ஸில் பல காலம் ஓடிவிட்டு, இப்போது மருத்துவமனையின் அவசர அழைப்புக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். ஊர்ப்பக்கம் போனால், திருவிழாவோ கல்யாண வீடோ, யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடமாட்டார்: "தம்பி, அன்னைக்கு மில்லுல ஆள் விழுந்தப்ப ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஆனா உள்ள வரல. கேட்டுக்கு வெளியே ரோட்டுலேயே நின்னுச்சு. பொம்பா வந்த பிறகுதான் அசைஞ்சாங்க. ஏன் அப்படி?"

கோபமாகத்தான் கேட்கிறார்கள். கோபப்பட அவர்களுக்கு உரிமை உண்டு; உள்ளே கிடந்தது அவர்களுடைய ஆள். அதனால் இன்றைக்கு எனக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் அந்த ஒரு கேள்விக்கே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அழைப்பு எங்கே போகிறது என்று பார்ப்போம். முன்பு பொம்பா என்று நாம் சொல்லும் தீயணைப்பு மீட்புப் படைக்கு 994, பொதுத் தற்காப்புப் படைக்கு 991 என்று தனித்தனி எண்கள். 2007-இல் மெர்ஸ் 999 என்ற ஒருங்கிணைந்த அவசர அழைப்புச் சேவை வந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே எண். நீங்கள் 999 அழுத்தினால் முதலில் எடுப்பவர் எங்கள் அறையில் இருப்பவர் இல்லை. டெலிகோம் நிலையத்தில் இருக்கும் ஒருவர் எடுத்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்டு, உரிய இடத்துக்கு மாற்றிவிடுவார். நோய், காயம் என்றால் எங்களுக்கு. தீ, மீட்பு என்றால் பொம்பாவின் செயலறைக்கு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். "ஆள் மயங்கிட்டாரு" என்று மட்டும் சொன்னால் அழைப்பு எங்களிடம் மட்டும்தான் வரும். "குழிக்குள்ள மயங்கிட்டாரு" என்று சொன்னால் பொம்பாவும் அதே நேரத்தில் கிளம்பும். பக்கத்து நிலையத்துப் பொம்பா வண்டி சீக்கிரம் வந்துவிடும். ஆனால் ஹஸ்மட் என்று சொல்லும் ரசாயனப் பிரிவு எல்லா நிலையத்திலும் கிடையாது. ஈப்போவிலிருந்து வர வேண்டியிருந்தால் எங்கள் ஊருக்கு நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட. அவர்களைப் பத்து நிமிடம் பிந்திக் கூப்பிட்டால் அந்தப் பத்து நிமிடம் திரும்பக் கிடைக்காது.

சரி, ஓர் அழைப்பு எப்படி வரும் என்று சொல்கிறேன். இது ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த கதை இல்லை. இந்த மாதிரிப் பேச்சை எங்கள் அறையில் இருப்பவர்கள் எல்லாருமே கேட்டிருப்பார்கள்.

"சார், செம்பனை மில்லு சார். தொட்டி கழுவ ஒருத்தன் இறங்குனான், எந்திரிக்கல. வங்காளதேசத்துப் பையன். அவன் கூட்டாளி இப்ப இறங்கப் போறான்!"

"அவரைப் பிடிங்க. யாரும் இறங்கக் கூடாது. சட்டையைப் பிடிச்சு இழுத்துப் போடுங்க."

"உயிரு போகுது சார்!"

"தெரியுதுப்பா. இறங்குனா ரெண்டு உயிராப் போயிரும். நீங்க மேலேயே நின்னு என்கூடப் பேசுங்க. லைனை வைக்காதீங்க. எந்த மில்லு? எந்த கேட்டு?"

அவர் கேட்டைச் சொல்கிறார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பொம்பாவைப் பிடித்துவிடுவார். அப்புறம் அடுத்த கேள்வி கேட்பேன். அதைக் கேட்டதும் பலரும் ஒரு வினாடி திகைத்துப்போவார்கள்.

"மில்லுப் புகை எந்தப் பக்கம் போகுது?"

ஆள் செத்துக்கொண்டிருக்கிறான், இவர் புகையைப் பற்றிக் கேட்கிறாரே என்று தோன்றும். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமல் நான் ஆம்புலன்ஸை எந்த வழியாக அனுப்புவது? வாயு கசிந்திருந்தால் வண்டி காற்று வரும் பக்கத்தில் நிற்க வேண்டும், போகும் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஆலையின் புகைக்கூண்டு இருக்கும் இடத்தில் அதைவிடச் சுலபமான அடையாளம் வேறில்லை. புகைக்கூண்டு இல்லாத இடமானால் கோயில் கொடியைப் பார்த்துச் சொல்லச் சொல்வேன்.

அந்தத் தொட்டிக்குள் என்னதான் இருக்கிறது? செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவு தேங்கி அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவுக்கு வந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, இப்ப இறங்கலாம்" என்று ஒருவர் நினைக்கும் நேரம்தான் மிக மோசமான நேரமாக இருக்கலாம். நச்சு வாயுவே இல்லாத பழைய கிணற்றிலும், மூடிக்கிடந்த தொட்டியிலும் ஆக்சிஜன் குறைந்திருக்கும். நாம் மூச்சு விடும் காற்றில் அது 20.9 விழுக்காடு. 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்துக் கணக்கு. 6, 7 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டால் ஆள் கத்துவதற்குக்கூட நேரமில்லாமல் சுருண்டு விழுவார். மேலே நிற்கும் நண்பனுக்கு அது வழுக்கி விழுந்தது போலத்தான் தெரியும். அதனால்தான் அவன் குதிக்கிறான்.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் வெளியிட்ட அறிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்லியிருந்தது. முதலில் விழுந்தவரைவிட, அவர் மேல் பாசம் வைத்து இறங்கியவர்கள் அதிகம். நம் நாட்டிலும் அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கு 2010-இல் ஒரு தொழில் நடைமுறை விதி வந்தது. வாயுவைச் சோதிக்கத் தகுதி பெற்றவர் சோதித்துப் பார்க்காமல் உள்ளே இறங்கக் கூடாது, மேலே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும் என்கிறது அது. பெரிய ஆலைகளில் இது நடக்கிறது. குத்தகைக்காரர் ஆள் கொண்டுவந்து அவசரத்துக்குத் தொட்டி கழுவும் இடங்களில்தான் எனக்குக் கவலை.

இப்போது சாலையோரம் நிற்கும் அந்த ஆம்புலன்ஸுக்கு வருகிறேன்.

பேரிடர் என்று வந்தால் சம்பவ இடத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் வட்டமாகப் பிரிப்பார்கள். தேசியப் பாதுகாப்பு மன்றம் 1997-இல் கொண்டுவந்த ஆணை 20-இலிருந்தே நாங்கள் பழகிய முறை இது. சின்ன விபத்திலும் அதே புத்தியோடுதான் வேலை நடக்கிறது. சிவப்புக்குள் போவது பொம்பாவின் சிறப்புப் பிரிவு. அவர்களிடம் சுவாசக் கருவி இருக்கிறது, வாயு புகாத உடை இருக்கிறது, அதற்கான பயிற்சி இருக்கிறது. என் ஆம்புலன்ஸில் இருக்கும் எம்.ஏ.விடமும் ஓட்டுநரிடமும் கையுறையும் முகக்கவசமும்தான் இருக்கின்றன. அவர்கள் உள்ளே ஓடி விழுந்தால், வெளியே கொண்டுவரப்படும் அந்தப் பையனுக்கு மூச்சுக் கொடுக்க யார் மிச்சம்?

நிற்கிறார்களே தவிர, சும்மா இருப்பதில்லை. ஸ்டிரெச்சர் இறங்கியிருக்கும். ஆக்சிஜன், மூச்சுக்குழாய் எல்லாம் பிரித்துத் தயாராக இருக்கும். நான் அறையிலிருந்து இரண்டாவது வண்டியை நகர்த்திக்கொண்டிருப்பேன், ஏனென்றால் ஒருவர் என்று சொல்லும் அழைப்பு பல நேரம் மூவராக முடிகிறது. மருத்துவமனை அவசரப் பிரிவில், உயிர் ஆபத்தில் இருப்பவர்களுக்கான சிவப்பு மண்டலப் படுக்கையைக் காலியாக வைக்கச் சொல்லியிருப்பேன். ஒரு காதில் பொம்பா செயலறை, இன்னொரு காதில் என் ஆட்கள். உள்ளே போனவர்களின் காற்றுச் சிலிண்டர் அரை மணி, முக்கால் மணிதான் தாங்கும். அதுவும் கனமான வேலை செய்தால் சீக்கிரம் தீரும். "மங்சா வெளியே", அதாவது பாதிக்கப்பட்டவரை வெளியே எடுத்தாச்சு என்று ரேடியோவில் வந்த அடுத்த நொடி என் ஆட்களின் கை அவர் நெஞ்சில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம். அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு.

இன்னொரு வேலையும் உண்டு, அது வெளியே யாருக்கும் தெரியாது. நம் வெயிலில் அந்த மூடிய உடையைப் போட்டுக்கொண்டு இறங்குகிற பொம்பா வீரருக்கு உடம்பு கொதித்துவிடும். உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் அவருடைய நாடி, இரத்த அழுத்தம் பார்ப்பது நாங்கள். 2018 அக்டோபர் 3-ஆம் தேதியை நான் மறக்கமாட்டேன். பூச்சோங்கில், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டையில் விழுந்த ஒரு பையனைத் தேடி இறங்கிய பொம்பா நீர் மீட்புப் பிரிவினர் ஆறு பேர் வேகமான நீரோட்டத்தில் சிக்கி இறந்துபோனார்கள். ஆறு பேருமே பயிற்சி பெற்றவர்கள். அன்றிலிருந்து, "உள்ளே இருப்பவர்கள் எத்தனை, வெளியே வந்தவர்கள் எத்தனை" என்று ரேடியோவில் கேட்கும்போது என் குரல் தானாகவே இறுகிவிடுகிறது.

தோட்டத்து மருந்து, அதாவது களைக்கொல்லி, பூச்சி மருந்து சமாச்சாரத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் மருந்தடிக்கும் அக்காமார்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். யாராவது மருந்து மேலே கொட்டி, அல்லது தெரியாமல் குடித்து விழுந்தால், எங்களுக்கு முதலில் வேண்டியது அந்த மருந்தின் பெயர். ஏன் தெரியுமா? மூச்சுத் திணறுகிற எல்லாருக்கும் ஆக்சிஜன் கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் பேராகுவாட் என்ற களைக்கொல்லி உடம்புக்குள் போயிருந்தால், அவசியமில்லாமல் கொடுக்கும் ஆக்சிஜன் நுரையீரலை இன்னும் கெடுக்கும். பேராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் முழுத் தடை இருக்கிறது. இருந்தாலும் நான் கேட்கத்தான் செய்வேன். சில பூச்சி மருந்துகளுக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து நிறையத் தேவைப்படும். வண்டி போய்ச் சேரும் முன்பே மருத்துவமனை எடுத்து வைக்க வேண்டும். பெயர் தெரிந்தால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்டு வழி தெரிந்துகொள்ளலாம். தண்ணீர்ப் போத்தலில் மருந்தை ஊற்றி அடுப்படியில் வைக்கும் வீடுகளில் எங்களால் என்ன பெயரைக் கேட்க முடியும்? தயவுசெய்து லேபிளோடு அந்தப் போத்தலிலேயே விடுங்கள்.

உடம்பில் மருந்து கொட்டியிருந்தால் உடுப்பைக் கழற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கூச்சப்பட வேண்டிய நேரமில்லை, ஒரு சாரத்தைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். ஒட்டியிருக்கும் நஞ்சில் பெரும்பகுதி உடுப்போடு போய்விடும். பண்ணாமல் அப்படியே காரில் ஏற்றினால் ஓட்டுகிறவருக்கும் மூச்சு முட்டும். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியபோது ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு வந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு லாரிக் கழிவு ஓர் ஊரையே படுக்கவைக்கும் என்று நாடு அப்போது பார்த்தது. நம் ஊரில் அத்தனை பெரிய தொழிற்சாலைகள் இல்லை. ஆனால் ரப்பர்ப் பாலுக்கு ஊற்றும் அமோனியா டிரம் ஒன்று உருண்டால் போதும்.

வெளிநாட்டு முறைகளையும் கொஞ்சம் பார்த்து வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் சேவைகளிலேயே ஹார்ட் (HART) என்று அபாய இடங்களுக்கான ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பவர்கள் பாராமெடிக்குகள்; வாயு புகாத உடையோடு அபாய வட்டத்துக்குள்ளேயே போய்ச் சிகிச்சையைத் தொடங்கப் பயிற்சி பெற்றவர்கள். லண்டனில் வான் ஆம்புலன்ஸ் குழுவின் பாராமெடிக் ஒருவர் கட்டுப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். வரும் அழைப்புகளைப் பார்த்து, தேவைப்பட்டால் பேசுபவரிடம் தானே கேட்டு, தங்கள் குழு எதற்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறார். இதைத்தான் நான் நம் நாட்டில் பார்க்க ஆசைப்படுகிறேன். கூட்டுப் பயிற்சி நாட்களில் பொம்பா அதிகாரி ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். ரேடியோவில் மூன்று தடவை கேட்டு வாங்க வேண்டிய விஷயத்தை அவர் என் திரையைப் பார்த்ததுமே பிடித்துக்கொள்வார். "அது நிலத்தடித் தொட்டியா, மேலே நிற்கிற டாங்கியா? அதை மட்டும் கேளு" என்பார். எனக்குத் தோன்றாத கேள்வி அது. பயிற்சி நாளில் மட்டுமல்லாமல் எல்லா நாளும் அந்த நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும் என்று நான் மேலிடத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

அதுவரைக்கும் அந்த நாற்காலியில் இருப்பது, போனைப் பிடித்திருக்கும் நீங்கள்தான். செம்பனைக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒன்று போலவே இருக்கும்; வரைபடம் ஏமாற்றும். பிளாக் எண்ணைச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் தமிழ்ப் பள்ளியிலிருந்தோ, மாரியம்மன் கோயிலிலிருந்தோ எத்தனையாவது பாலம் என்று சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் ஒருவரை மெயின் ரோட்டுச் சந்திக்கு அனுப்புங்கள். இரவானால் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கட்டும். பொம்பா வண்டி கனமானது, தோட்டத்துக் கால்வாய்ப் பாலம் தாங்குமா என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அதையும் சொல்லுங்கள்.

நாளைக் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், உங்கள் மண்டோரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: நம் பிளாக் எண் பலகை ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறதா, மருந்து ஸ்டோர் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும்? பதில் கிடைத்தால் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.