குழாய் கத்துமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

கனடாவின் சஸ்காச்சுவான் புல்வெளியில் முதலில் காக்க வேண்டியது தரை வளையில் கூடுவைக்கும் வளை ஆந்தையையா, கருவால் புல்வெளி நாயையா? நான் நாயின் கட்சி. பேர்தான் நாய், அணில் குடும்பத்துக் கொறிவிலங்கு.

எதிரணித் தலைவர், "எலி ஜாதிக்கு எதற்கு வக்காலத்து? ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்தால் ஆந்தை குடியேறிவிடும்" என்றார். கைதட்டினீர்கள். வாருங்கள், அந்தக் குழாயைப் புதைப்போம்.

10 சென்டிமீட்டர் வடிகால் குழாய், 2, 3 மீட்டர் நீளம். நேராகப் போடக்கூடாது, வளைவு இல்லாவிட்டால் கூட்டறையில் வெளிச்சம் விழும். முனையில் வாளியைக் கவிழ்த்தாற்போல ஓர் அறை. தரை மண்ணாகவே இருக்கணும், ஈரம் இறங்க வேண்டுமே! குழாயின் வாய் பள்ளத்தில் அமைந்தால் ஒரு பெருமழைக்கே முட்டை மூழ்கிவிடும்.

போட்டாயிற்றா? அடுத்த வருஷம் பாருங்கள். ஆந்தை காய்ந்த சாணத்தை இழுத்துவந்து பரப்பும். தேடிவரும் சாண வண்டைப் பிடித்துத் தின்னும். சாணமும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். வருஷாவருஷம் திறந்து வாரணும். சுற்றிலும் புல் ஓங்கினால் ஆந்தை வராது, எதிரி வருவது தெரியாதே! யார் வெட்டுவது? புல்வெளி நாய் இருந்தால் கடித்துக் கடித்தே மட்டமாக வைத்திருக்கும். பருந்தைக் கண்டு அது கத்தினால் ஆந்தையும் உஷாராகும். ஐயா, உங்கள் குழாய் கத்துமா?

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்கிறோமே, அந்தக் கதைதான். புளோரிடா ஆந்தை தானே தோண்டிக்கொள்ளும். இந்த மேற்கத்தி ஆந்தைக்குப் பிறர் தோண்டிய வளைதான் கதி.

ஆந்தை நிலைமை மோசம், ஒப்புக்கொள்கிறேன். 1995 முதல் கனடாவின் அழிந்துவரும் உயிரினங்களில் ஒன்று. ஆனால் 2010-இல் கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் செத்துக் கிடந்த ஒரு புல்வெளி நாயிடம் பிளேக் கண்டுபிடித்தார்கள். கனடாவில் இந்த நாய் இனம் இயற்கையாக வாழ்வது அங்குள்ள பிரெஞ்ச்மன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான். பிளேக், தெள்ளுப்பூச்சி பரப்பும் நோய். வளைக்கு 4, 5 கிராம் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூளை உள்ளே ஊதணும். வளையின் வாயில் மட்டும் தூவிவிட்டு வந்தால் பிரயோஜனமில்லை. பெண் நாய் இணைசேர்வது ஆண்டுக்கு ஒரே நாள், சில மணி நேரம். செத்துப்போன கூட்டம் சட்டென்று மறுபடி பெருகாது.

வசந்தத்தில் அந்த ஆந்தை டெக்சஸ், மெக்சிகோ பக்கமிருந்து வருகிறது. 150 கிராம் உடம்பு. அத்தனை தூரம் பறந்து, களைத்துப்போய், பழைய மேட்டில் இறங்குகிறது. வளை தூர்ந்து கிடக்கிறது. அது எங்கே போகும், நடுவர் அவர்களே?