மஞ்சள் புடவை எங்கே?

வணக்கம் நேயர்களே. இருபது வருடத்துக்கும் மேலாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியையாக இருந்தவள் நான். பார்ப்பது, கேட்பது, பழகுவது எல்லாம் பிறவியிலேயே வேறு விதமாக அமைந்த பிள்ளைகள் அவர்கள். பாட்டுக் காட்சியும் ஓவியமும் அவர்களுக்கு எப்படித் தெரிகின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு நிமிடம்தான். அதனால் நேரே ஒரு பையனிடம் போகிறேன்.

அப்போது அவனுக்கு 11 வயது. சாப்பாட்டு வேளையில் டிவியில் சினிமாப் பாட்டு போடுவோம். முன்னால் வந்து உட்கார்ந்து விரலால் தொடையைத் தட்டுவான். தாளம் போடுகிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்தத் தாளம் பாட்டோடு சேரவே சேராது. ஒரு தட்டு முந்தும், ஒன்று பிந்தும், சில இடத்தில் தடதடவென்று மூன்று விழும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து, "இப்படிப் போடுப்பா, ஒண்ணு ரெண்டு மூணு நாலு" என்று காட்டுவேன். கையை உருவிக்கொள்வான். மறுபடி பிடிப்பேன். ஒரு மாதம் இப்படியே போனது.

ஒரு நாள் டிவியில் சத்தம் வரவில்லை. படம் மட்டும் ஓடுகிறது. அவனோ தன் போக்கில் தட்டிக்கொண்டே இருக்கிறான். அன்றைக்குத்தான் அவன் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். முகம், ஒரு தட்டு. மலை, ஒரு தட்டு. சலங்கைக் கால், ஒரு தட்டு. காட்சி மாறுகிற இடத்தில் எல்லாம் விரல் விழுகிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. படத்தை வெட்டி ஒட்டியவர் போட்ட தாளம் ஒன்று அந்தப் பாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைச் சுத்தமாகப் போட்டான். நான் ஒரு மாதமாக அவனைத் திருத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அப்புறம் ஒரு நாள் என்னிடம் கேட்டான், "மஞ்சள் புடவை எங்கே?" பல்லவியில் நாயகி மஞ்சள் புடவை. அடுத்த வரியில் நீலம். வயல்வெளியில் தொடங்கிய அடி பனிமலையில் முடிகிறது. நீங்களும் நானும் சிறு வயதிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து, கேள்வியே எழாத அளவுக்குப் பழகிவிட்டோம். அவனுக்கு அது கண்முன் நடந்த ஒரு காரியம். இருந்த புடவை இல்லை. அப்படியானால் அது எங்கேயோ இருக்க வேண்டும். நேர்மையான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறவர்கள் கொஞ்சம் கையை நிறுத்திக் கேளுங்கள். பாட்டு முடிந்ததும் பிள்ளையிடம் "என்ன புரிஞ்சது?" என்று கேட்காதீர்கள். "எதைப் பார்த்தே?" என்று கேளுங்கள். முதல் கேள்வியில் பரீட்சை இருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் பதில் வரும். வாயால் வராவிட்டால் விரலால் வரும்.

2007-இல் மெல் பேக்ஸ் என்ற அமெரிக்கர் இணையத்தில் ஒரு காணொளி வெளியிட்டார். ஆட்டிசம் உள்ளவர், பேச்சுக்குப் பதில் தட்டச்சு செய்து கணினிக் குரலில் பேசுபவர். காணொளியின் பெயர் 'என் மொழியில்'. முதல் பகுதியில் ஒரு சொல்கூட இல்லை. அவர் ஏதோ ராகமாக முனகுகிறார், ஜன்னல் வெளிச்சத்தில் கைகளை அசைக்கிறார், குழாயிலிருந்து விழும் தண்ணீரில் விரல்களை விட்டு அளைகிறார். அதன் பிறகு 'மொழிபெயர்ப்பு' என்று எழுத்து வருகிறது, கணினிக் குரல் பேசத் தொடங்குகிறது. தண்ணீர் எதற்கும் குறியீடு அல்ல என்று அது சொல்கிறது. நான் தண்ணீரோடு பழகுகிறேன், தண்ணீர் என்னோடு பழகுகிறது, அவ்வளவுதான் என்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓவியத்தைக் கண்டதும் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுப் பழகிய எனக்கு அது பெரிய பாடம். அவர் 2020-இல் காலமானார். அந்தக் காணொளியை எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

ஆராய்ச்சிக்காரர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். 2002-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஒரு பழைய திரைப்படத்தைப் போட்டு, பார்க்கிறவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் கண்களைப் பார்த்தது குறைவு. வாயையும் பொருள்களையும் அதிகம் பார்த்தார்கள். இதைக் குறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவர்களிலேயே வாயை அதிகம் பார்த்தவர்கள் மனிதர்களோடு பழகுவதில் மேலாக இருந்தார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. குரல் வருகிற இடம் வாய்தானே!

காதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் பற்றிய பேச்சுக்கே அடித்தளம். அதில் ஒரு குழந்தை, ஒன்றரை வயதில் 18 சிம்பொனிகளைப் பிரித்து அறிந்ததாம். இசை தொடங்கியதுமே 'பீத்தோவன்' என்று அதை அமைத்தவர் பெயரைச் சொல்லுமாம். அந்தக் கட்டுரையிலேயே இசை இருக்கிறது பாருங்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வகுப்பில் ஒரு பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் பாட்டுக் கேட்பாள். படம் பார்க்க வேண்டுமென்றால் காதைப் பொத்திக்கொள்வாள். ஆஸ்திரேலிய எழுத்தாளரும் ஓவியருமான டோனா வில்லியம்ஸ் தன் ஆட்டிசத்தைப் பற்றி எழுதும்போது இதைத்தான் விளக்கினார்: ஒரு நேரத்தில் ஒரு புலன் வழிதான் திறக்கும். காதைப் பொத்துகிற பிள்ளைக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கல்யாண மண்டப ஸ்பீக்கர், தியேட்டர் சத்தம் பற்றியெல்லாம் பேச எழுதி வைத்திருந்தேன், நேரம் இல்லை. இரண்டே இரண்டு மட்டும். ஆட்டிசம் உள்ளவர்களிடையே வலிப்பு கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருக்கு வெளிச்சம் வெட்டி வெட்டி மின்னுகிற காட்சி வலிப்பைத் தூண்டலாம், அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ரிமோட்டைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரே பாட்டை நாற்பது தரம் போட்டாலும் பரவாயில்லை, போடட்டும். வணக்கம்.