சோறு இருக்கு, லாரி இருக்கு, டிரைவர் எங்கே? | லாரிக்காரர்களும் எச்.ஐ.வி.யும்

[திரையில்: மூட்டை மூட்டையாக மக்காச்சோளம், பின்னால் வரிசையாக லாரிகள்]

குடோனில் தானியம் இருக்கிறது. ஏற்றிப் போக வண்டி இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் பசியோடு காத்திருக்கிறார்கள். ஆனால் வண்டியை எடுக்க ஆள் போதவில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பஞ்சம் வந்தபோது ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் இப்படித்தான் திணறியது. டிரைவர்கள் ஸ்ட்ரைக் எதுவும் பண்ணவில்லை. எய்ட்ஸ் வந்து படுத்துக்கொண்டிருந்தார்கள், செத்துக்கொண்டிருந்தார்கள்.

வணக்கம் மக்களே! எச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டதும் பாதிப்பேர் வீடியோவைத் தள்ளிவிடப் பார்ப்பீர்கள், தெரியும். பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தால் ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளுங்கள். போய்விடாதீர்கள், இதில் ஒரு அருமையான கண்டெய்னர் கதை இருக்கிறது.

முதலில் பாடப்பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. பரவும் வழிகள் இவைதான். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்தால் வராது, கேபினில் பக்கத்தில் படுத்தால் வராது, கொசு கடித்தாலும் வராது. காண்டம் தடுக்கும். பாடம் முடிந்தது.

சரி, ஏன் லாரிக்காரர்கள்? "டிரைவர்னாலே அப்படித்தான்" என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் டிரைவருக்கு மூச்சுவிடவே நேரம் இருக்காது. சிக்கல் வண்டி நிற்கும்போதுதான். லோடு இறக்க குடோன் வாசலில் நிற்கிறான், ரிட்டர்ன் லோடு கிடைக்க புக்கிங் ஆபீஸ் வாசலில் நிற்கிறான், எல்லையில் சுங்கக் காகிதத்துக்கு நிற்கிறான். நாள் கணக்கில்! கையில் பேட்டா காசு, வீடோ எங்கேயோ, செய்ய ஒரு வேலையும் இல்லை, சுற்றிலும் சாராயமும் லாட்ஜும். ஒரு பேங்க் மேனேஜரை வருஷத்தில் பாதி நாள் இப்படி நிறுத்திவையுங்கள், அவர் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறார் என்று அப்புறம் பேசலாம்.

[திரையில்: வரைபடம். பெய்ரா துறைமுகத்திலிருந்து மலாவி வரை சிவப்புக் கோடு]

இப்போது கண்டெய்னர். மலாவி நாட்டுக்குக் கடல் கிடையாது. பக்கத்து நாடான மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் இறங்கும் சரக்கு, பெரும்பாலும் லாரியில் ஏறித்தான் உள்ளே வரும். வழியில் முவான்சா என்று ஒரு எல்லை ஊர். 2005-இல் உலக உணவுத் திட்டமும் டி.என்.டி. என்ற டச்சுக் கம்பெனியும் (வெடிமருந்து இல்லை மக்களே, கூரியர்!) சேர்ந்து அங்கே ஒரு கிளினிக்கைத் திறந்தன. அடுத்த வருஷமே அது நார்த் ஸ்டார் அலையன்ஸ் என்ற தனி அமைப்பாகி, ஆப்பிரிக்காவின் பல எல்லைகளுக்கும் லாரி நிறுத்தங்களுக்கும் பரவியது.

கட்டடத்துக்கு அவர்கள் பிடித்த ஆளைப் பாருங்கள்: கப்பலில் வரும் சரக்குக் கண்டெய்னர்! ஜன்னல் வெட்டி, நீலப் பெயின்ட் அடித்து, உள்ளே டேபிள், கட்டில் போட்டு, லாரிகள் நிற்கிற இடத்திலேயே இறக்கிவைத்துவிட்டார்கள். டிரைவர் வண்டியை விட்டு ஊருக்குள் போகவே வேண்டாம். போனால் லோடுக்கு யார் காவல்? தார்ப்பாயை அவிழ்த்துத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளி சீட்டு காலையில் கொடுப்பார்கள், அந்த நேரம் டிரைவர் எங்கே இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? இவர்களோ, வண்டிகள் வந்து ஒதுங்கும் சாயங்கால நேரத்துக்குக் கதவைத் திறந்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விஷயம். வாசலில் எய்ட்ஸ் என்று போர்டு இல்லை. மலேரியாவா, பிரஷரா, காசநோயா, எதற்கு வேண்டுமானாலும் வரலாம். உள்ளே போகிறவன் எதற்குப் போகிறான் என்று வெளியே டீ குடிக்கிறவனுக்குத் தெரியாது. பிரஷர் பார்க்க வந்தவனிடம், "அண்ணே, ஒரு ரத்தப் பரிசோதனையும் பண்ணிக்கலாமா?" என்று கேட்டால் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும். அங்கே உள்ள பாலியல் தொழிலாளிகளுக்கும் அதே வாசல், அதே மரியாதை. மருத்துவப் பதிவை கம்ப்யூட்டரில் ஏற்றி, அடுத்த நாட்டுக் கண்டெய்னரிலும் பார்க்கும்படி செய்துவிட்டார்கள். மாத்திரை தீர்ந்துவிட்டது, வீடு நாலு நாள் தூரம் என்ற கதையே வேண்டாம்.

ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் சிருண்டு என்ற இடத்தில் 2009-இல் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் காகிதம் பார்க்க ஆரம்பித்தார்கள். வியாபாரத்துக்காகச் செய்ததுதான். ஆனால் டிரைவர் காத்துக் கிடப்பதைக் குறைக்கிற சீல், காண்டம் பெட்டிக்குக் குறைந்த மருந்து இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். நாமக்கல் லாரி ஊர், டேங்கர் ஊர், அதனால் அந்தப் பெயர் ரொம்ப நாள் எய்ட்ஸோடு சேர்ந்தே அடிபட்டது. 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் ஒரு எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" ஊரே பேசியது, உண்மை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ராஜா என்று பெயர் வைத்த பையன்கள் பட்ட பாட்டை யாரும் கணக்கெடுக்கவில்லை!

நெடுஞ்சாலை பூராவும் போஸ்டர் ஒட்டுவதைவிட, லாரிகள் நாள்கணக்கில் நிற்கும் சரக்கு மையங்களில் கிளினிக் வைப்பது மேல் என்று இங்கேயும் புரிந்துகொண்டார்கள். பில் கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில், டி.சி.ஐ. என்ற சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் ஃபவுண்டேஷன் நடத்திய 'குஷி' கிளினிக்குகள் அப்படி வந்தவைதான்.

அப்புறம் அந்த உடம்புச் சூடு! ராத்திரி பூரா இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினால் சூடு ஏறும், பெண்ணிடம் போனால்தான் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை. அண்ணே, அந்தச் சூட்டுக்குத் தண்ணீர் போதும், இளநீர் போதும். இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம், இனி அந்தச் சாக்கும் கிடையாது.

கிளீனர் பையன்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கருத்தரங்கில் டிரைவருக்குத்தான் நாற்காலி. பையன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பான். அவனையும் கூப்பிடுங்கள்.

[திரையில்: 1097]

பயமாக இருந்தால், இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 1097, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க இலவச உதவி எண். அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் இருக்கும், பரிசோதனை இலவசம், விவரம் ரகசியம். நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் தொற்று வராமல் தடுக்க 28 நாள் மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது, லோடை இறக்கிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். தொற்று இருப்பது தெரிந்தால், வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம். அதை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றால், உடலுறவு மூலம் மனைவிக்குப் பரவாது. டாக்டர்கள் உறுதியாகச் சொல்வது இது. வண்டியும் ஓட்டலாம். தொற்றைக் காரணம் காட்டி வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்று 2017-இல் போட்ட சட்டமே இருக்கிறது. முதலாளிமாருக்கும் இந்த வீடியோவை அனுப்புங்கள்.

டிரைவர் அண்ணன்மார்களே, உங்களை அதிக நாள் காக்கவைத்த இடம் எது? கமெண்ட்டில் ஊர் பெயரை மட்டும் போடுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், வக்கீல் வைக்க நம்மிடம் வசதியில்லை.