சுவரும் சாவியும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓவியத் துறைத் தலைவர் அவர்களே, வாழ்த்திப் பேசி அமர்ந்திருக்கும் மூத்த சிற்பி ஐயா அவர்களே, பழைய மாணவர் சங்கச் செயலாளர் அம்மா அவர்களே, முதுகலை முடித்து வெளியே போகிற தம்பிகளே, தங்கைகளே, அவர்களைப் பெற்றவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதல்வர் அவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட மாணவர் கண்காட்சிக்கு வருகிற பெரியவர்கள் பலர் ரிப்பன் வெட்டிவிட்டு முதல் அறையோடு திரும்பிவிடுவார்கள். இவர் இன்று காலை கடைசி அறை வரை வந்தார். மாடிப்படிக்குக் கீழே இருட்டு மூலையில் ஒரு மாணவி வைத்திருக்கும் களிமண் வேலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். அதற்காகவே அவருக்கு நன்றி. சிற்பி ஐயா எனக்கும் ஆசிரியர். உளியை எடுப்பதற்கு முன்னால் கல்லை நாலு முறை சுற்றி வா என்று சொல்லிக்கொடுத்தவர். இந்த வயதிலும் இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார். செயலாளர் அம்மா இல்லையென்றால் இன்று இந்த மைக் கூட இருந்திருக்காது. துறைத் தலைவர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். அதை மதித்துப் பேசுகிறேன்.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். கலைஞர்களே நடத்தும் காட்சிக்கூடங்கள் எப்படிப் பிறந்தன என்பது ஒன்று. அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது. அங்கே நடப்பதைப் பற்றி எழுத விமர்சகர்கள் வேண்டுமே, அவர்களை எப்படி உருவாக்குவது என்பது மூன்றாவது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்காக வந்த பழமொழி அது. நான் அதை அப்படியே நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறவன். முதுகலை படிக்கிற காலத்தில் உங்களுக்குச் சுவர் இருந்தது. விளக்கு இருந்தது. வாராவாரம் வேலையைப் பார்த்துச் சண்டை போட நாலு பேர் இருந்தார்கள். நாளைக்கு அறையைக் காலி செய்கிற அன்று இது எல்லாம் ஒரே நாளில் போய்விடும். கேலரிக்குப் போனால், இதற்கு முன்னால் எங்கே காட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். எங்கேயும் காட்டாதவருக்குக் காட்ட இடம் இல்லை. இடம் இல்லாதவர் எங்கேயும் காட்டியதில்லை. இந்த வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று வருடத்தில் தூரிகையை வைத்துவிட்டவர்களை நான் அறிவேன். என் வகுப்பிலேயே எங்கள் எல்லோரையும் விட நன்றாக வரைந்தவர் அப்படித்தான் நிறுத்தினார்.

இந்த வட்டத்தை வெளியே இருந்து யாரும் வந்து உடைத்துக் கொடுத்ததில்லை. 1874 ஏப்ரல் 15ஆம் தேதி பாரிஸில் மொனே, ரென்வார், டெகா, பிசாரோ, பெர்த் மொரிசோ, செசான் என்று கலைஞர்கள் முப்பது பேர் அளவில் சங்கமாகச் சேர்ந்து ஒரு கண்காட்சி திறந்தார்கள். இடம், நாடார் என்ற புகைப்படக்காரர் காலி செய்துவிட்டுப் போயிருந்த ஸ்டுடியோ. அரசாங்கத்தின் பெரிய கண்காட்சியான சலோன் திறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதன் தேர்வுக்குழு இவர்களில் பலரைப் பல முறை திருப்பி அனுப்பியிருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி, அவர்கள் அமைத்த அந்தச் சங்கத்தின் விதிகளைப் பற்றியது. பிசாரோ ரொட்டி சுடுகிறவர்களின் சங்க விதிகளைக் கொண்டுவந்து, இதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஓவியர்கள் தொழிலாளிகளிடமிருந்து சங்கம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள்! ராத்திரியிலும் எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை திறந்து வைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் சங்கம் கடனில் கலைந்தது. ஆனாலும் 1886 வரை மொத்தம் எட்டுக் கண்காட்சி நடத்திவிட்டார்கள்.

நம் பக்கத்திலேயே சோழமண்டலம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 1966இல் தொடங்கிய கலைஞர்கள் கிராமம். படம் விற்று வாழ முடியாத காலம் அது. மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சும்மா சொல்லிக்கொண்டிருக்கவில்லை, சுவரையே எழுப்பினார்கள். கல்லூரி முதல்வர் ஒருவர் படித்து முடித்த பிள்ளைகளோடு சேர்ந்து நின்ற கதை அது. மேடையில் இன்னொரு முதல்வர் இருப்பதால் அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது என் கதை ஒன்று. நாங்கள் ஆறு பேர் சேர்ந்து படித்து முடித்தோம். ஒரு கேலரி எங்களுக்கு இரண்டு வாரம் தருவதாகச் சொல்லியிருந்தது. அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று. மூன்று நாள் இருக்கும்போது, வேறு ஒருவர் கேட்கிறார், உங்களுக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு பேரும் தெருவில் நின்றோம். எங்களில் ஒருத்தியின் மாமாவுக்கு மூடிக்கிடந்த அச்சகம் ஒன்று இருந்தது. வாடகை வேண்டாம், ஆனால் ஒரு ஆணி கூடப் புதிதாக அடிக்கக் கூடாது என்றார். ஆணி இல்லாமல் எப்படிப் படம் மாட்டுவது? அச்சகத்தில் காகிதம் காயப்போடக் கட்டியிருந்த கம்பி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடியது. படங்களை எல்லாம் அதில் தொங்கவிட்டோம். காற்று வந்தால் கண்காட்சி முழுக்க ஆடும். அழைப்பிதழில் பழைய முகவரியை அடித்துப் புது முகவரியைக் கையால் எழுதினோம். முந்நூறு அழைப்பிதழ், விடிய விடிய.

முதல் இரண்டு நாள் எங்கள் வீட்டார் தவிர யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஃப்யூஸ் போயிற்று. ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் பையை எடுத்தவர் போகவில்லை. கம்பியில் தொங்கிய ஒரு கரித்துண்டுப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒரு ஆள் தலையில் மூட்டை சுமந்து போகிற படம். எங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் பாராட்டிய படம், வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியது. இவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதை வரைந்தது யாருங்க என்றார். என் நண்பன் முன்னால் போனான். தம்பி, மூட்டை தூக்குகிறவன் கையை இப்படி வைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு, பையைக் கீழே வைத்தார். மூலையில் கிடந்த காகிதக் கட்டைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். ஒரு கை மூட்டையின் முன்விளிம்பைப் பிடித்திருந்தது. மற்றது வீசி நடக்க வெறுமனே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பாருங்க, பாரம் கையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது என்றார். அந்த அறையில் நடந்தும் காட்டினார். என் நண்பன் நின்ற இடத்திலேயே ஸ்கெட்ச் நோட்டை எடுத்துவிட்டான்.

அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதே படத்தை அழித்து வரைந்தான். காலையில் கம்பியில் மாட்டினான். அடுத்த நாள் அவர் மறுபடியும் வந்தார், தன்னோடு வேலை செய்கிற ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு. அந்தப் படத்துக்கு முன்னால் பத்துப் பேரும் நின்றார்கள். இப்ப சரி என்றார். என் நண்பன் வாங்கிய எந்த மதிப்பெண்ணும் அந்த இரண்டு சொல்லுக்கு ஈடாகாது. அவன் இன்றைக்கும் வரைந்துகொண்டிருக்கிறான்.

எனக்கு அன்று புரிந்தது இதுதான். விற்பனைக்காக நடத்தும் கேலரியில் திறந்த பிறகு படத்தை இறக்கி அழித்து வரைய முடியாது. விலைப்பட்டியல் போட்டாயிற்று, கேட்லாக் அச்சாகிவிட்டது. ஆனால் இருபத்து நாலு இருபத்தைந்து வயதில் ஒரு கலைஞருக்குத் தேவைப்படுவதே அந்த உரிமைதான். ஆசிரியர் கண்ணுக்கு மட்டும் காட்டிப் பழகியதை முதன்முதலாக அந்நியர் கண்ணுக்குக் காட்டி, தப்பென்று தெரிந்தால் அன்றிரவே மாற்றுகிற உரிமை. அந்த அச்சகத்தில் எங்களுக்கு அது கிடைத்ததற்கு ஒரே காரணம், சாவி எங்கள் கையில் இருந்தது. ராத்திரி எங்களை வெளியே போகச் சொல்ல யாரும் இல்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம். சரி. அந்தச் சுவர் இருக்கிற அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

1988இல் லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவர்களும் அப்போதுதான் படித்து முடித்தவர்களுமாகப் பதினாறு பேர், துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தில் ஃப்ரீஸ் என்ற கண்காட்சியை நடத்தினார்கள். முன்னின்று நடத்தியவர், பின்னால் உலகப் புகழ் பெற்ற கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட்; அப்போது அவர் மாணவர்தான். அதைப் பெரிய வெற்றிக் கதையாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியம் ஸ்காட்லாந்தில் இருக்கும் கிளாஸ்கோ நகரம். அங்கே ஓவியக் கல்லூரியில் படித்து முடித்தவர்கள், இளையவர்களுக்குக் காட்ட இடமே இல்லை என்று 1983இல் டிரான்ஸ்மிஷன் என்ற காட்சிக்கூடத்தைத் தொடங்கினார்கள். பல வருடம் அதன் குழுவில் இருந்தவர்கள் சம்பளம் வாங்காமலே அதை நடத்தினார்கள். ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கவும் முடியாது. அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எந்த ஒருவருடைய சொத்தாகவும் ஆகாமல், புதிதாகப் படித்து வருகிறவருக்கு எப்போதும் ஒரு நாற்காலி காலியாகிறது பாருங்கள், அதுதான் அந்த விதியின் அழகு.

பணத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நியூயார்க்கில் 1972இல் இருபது பெண் கலைஞர்கள் ஏ.ஐ.ஆர். கேலரியைத் தொடங்கியபோது உறுப்பினர் சந்தா போட்டார்கள், இடத்தைத் தாங்களே செப்பனிட்டார்கள். எங்கேயும் வழி அதுதான்: சந்தா, உழைப்பு, அப்புறம் கணக்கை ஒளிக்காமல் வைப்பது. ஆனால் வாடகை என்று ஒன்று வந்ததும் சந்தா முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். அதனால்தான் என் கோரிக்கை கல்லூரியிடம் வந்து நிற்கிறது.

முதல்வர் அவர்களே, இந்தக் காட்சிக்கூடம் வருடத்தில் மூன்று மாதம் விடுமுறையில் பூட்டிக்கிடக்கிறது. அந்த மூன்று மாதம் அதன் சாவியை, கடைசி ஐந்து வருடத்தில் படித்து முடித்தவர்களின் குழுவிடம் கொடுங்கள். ஆறு பேர் குழு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். யாரைக் காட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்; நானோ நீங்களோ அதில் கை வைக்க வேண்டாம். கல்லூரி கொடுக்க வேண்டியது அறையும் மின்சாரமும் மட்டும். வரவு செலவைக் காட்சிக்கூட வாசலிலேயே ஒட்டுவார்கள். சேதமாகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு ஆணி அடிக்காமல் ஒரு கண்காட்சி நடத்தியவர்களில் நான் ஒருவன். திருப்பிக் கொடுக்கும்போது அந்த அச்சகம் நாங்கள் வாங்கியதைவிடச் சுத்தமாக இருந்தது.

விமர்சகர்களைப் பற்றிப் பேச நேரம் இல்லை, துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அது தனியாகவே ஒரு கூட்டத்துக்கு உரிய விஷயம், கூப்பிட்டால் வருகிறேன்.

கோரிக்கையை மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான். வெளியே போகிற வழியில் மேசை மேல் வைத்திருக்கிறது, பக்கத்தில் பேனாவும் இருக்கிறது. சிற்பி ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். பெற்றோர்களும் போடலாம். நாளைக் காலை பத்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கு வருகிறேன். வர விரும்புகிற மாணவர்கள் என்னோடு வாருங்கள். வணக்கம்.