ஜேர்மனிக்குப் போனால் ரேஸ் பாதையில் நாமும் ஓட்டலாமா?

(திரையில்: செங்கலடிச் சந்தி, பதுளை வீதி)

வணக்கம். மட்டக்களப்பில் கார் பழகினவர்களுக்கு மேடு என்றால் கல்லடிப் பாலம்தான். பதுளை வீதியில் பிபிலை தாண்டி, லுணுகலைப் பக்கம் ஏறும்போதுதான் வளைவின் குணம் தெரியவரும். அப்படியொரு மலைப்பாதையில் எதிரே பஸ்ஸே வராது என்று சொல்லி, காசு வாங்கிக்கொண்டு நம்மை ஓட்ட விட்டால்? ஜேர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியிலுள்ள நூர்புர்க்ரிங் என்ற ரேஸ் பாதையில் அதுதான் நடக்கிறது.

(திரையில்: பாதையின் வரைபடம்)

1927இல் திறந்த பாதை. வடக்கு வளையம் மட்டுமே 20.8 கிலோமீட்டர், பள்ளத்துக்கும் உச்சிக்கும் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயர வித்தியாசம். ஒரு பக்கம் வெயில் எறிக்கும்போதே மறுபக்கம் மழை கொட்டும். 1976இல் இங்கே நடந்த பார்முலா வன் கார்ப் போட்டியில் ஓட்டுநர் நிக்கி லவுடாவின் கார் மோதித் தீப்பிடித்தபோது அவரை வெளியே இழுத்தெடுத்தவர்கள் சக போட்டியாளர்கள். இவ்வளவு நீளத்துக்கு மீட்பு ஆட்களை எங்கேதான் நிறுத்துவது? அந்த வளையத்தில் அதன்பிறகு பார்முலா வன் போட்டி நடக்கவில்லை.

சரி, நாம் ஓட்டலாமா? ஓட்டலாம். பொதுமக்களுக்குத் திறக்கும் நேரங்களில் அது கட்டணம் வாங்கும் ஒருவழி வீதி. வீதியில் ஓடத் தகுந்த கார், செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம், டிக்கெட் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் வேகக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் வீதிச் சட்டம் உண்டு. நேரம் பார்த்துப் பந்தயம் ஓடக்கூடாது.

(திரையில்: பின்கண்ணாடியில் நெருங்கி வரும் கார்)

இதைக் கவனியுங்கள். அங்கே முந்துவது இடப்பக்கத்தால் மட்டும். மெதுவாகப் போகிறவர் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கினீர்களோ, பின்னால் பறந்து வருகிறவரின் பாதையிலேயே போய் நிற்பீர்கள்.

அப்புறம் செலவு. ஓரத்து இரும்புத் தடுப்பில் மோதினால், தடுப்பைத் திருத்தும் காசும் காரை இழுத்துப்போகும் காசும் உங்கள் தலையில். பல காப்புறுதிகள் கைவிரித்துவிடும். சாதாரண வாடகைக் கார் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் இதற்கு இடம் தராது. அங்குள்ள சில கம்பனிகள் இதற்கென்றே கார் வாடகைக்கு விடுகின்றன.

என்னைக் கேட்டால், அங்கேயுள்ள மாமாவின் காரைக் கேட்காதீர்கள். முதலில் புருன்ஷென் வளைவுப் பக்கம் போய் நின்று பாருங்கள். போர்ஷேக்குப் பின்னால் ஒரு குடும்ப வேன் உருண்டு வரும். பின்சீட்டில் பிள்ளைகள் கைகாட்டுவார்கள். போகும் முன் திறப்பு நாட்காட்டியை இணையத்தில் பாருங்கள். போட்டிகளுக்கும் கார் கம்பனிகளின் சோதனை ஓட்டங்களுக்கும் அடிக்கடி மூடிவிடுவார்கள்.